38-ஆ, 52.9-ஆ? தருமபுரி வாசகிக்கு மின்சாரக் கார் ஆலோசனை

கேள்வி: வணக்கம் ஐயா. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வீடு தருமபுரி, பள்ளி கிருஷ்ணகிரி. தினமும் போக வர 100 கி.மீ. ஆகிறது. மாதம் இரண்டு முறை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் வருகிறோம். வருடத்தில் இரண்டு மூன்று தடவை சென்னை, அவ்வப்போது சேலம். எம்ஜி வின்ட்சர் மின்சாரக் கார் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. 38 கிலோவாட் மணி பேட்டரியா, 52.9 பேட்டரியா என்பதில்தான் வீட்டில் ஒத்துவரவில்லை. 2 லட்சம் அளவுக்கு வித்தியாசம் வரும்போல் இருக்கிறது. கடன் போட்டுத்தான் எடுக்கிறோம். "வாங்குறதே வாங்குறோம், பெருசாவே வாங்கிடலாம்" என்கிறார் என் கணவர். சொந்த வீடு, கார் நிறுத்த இடம் உண்டு. மகன் இருக்கும் அடுக்குமாடியில் சார்ஜர் கிடையாது. ஓசூர் மேடும் தொப்பூர் கணவாயும் பேட்டரியைக் குடித்துவிடும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். எதை எடுக்கலாம்?
வாசகி, தருமபுரி

பதில்: வணக்கம் அம்மா. 38-ஐ எடுங்கள். மகன் குடியிருப்பில் ஒரு 15 ஆம்பியர் பிளக்குக்கு வழி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைக்காவிட்டாலும் உங்கள் ஓட்டத்துக்கு 38 போதும். ஆனால் உங்கள் கணவர் சொல்வது சரியாகிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கிலோவாட் மணி என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மின் கட்டணத்தில் வருகிற அதே யூனிட்தான் அது. ஒன்று 38 யூனிட் கொள்ளும் டேங்க், இன்னொன்று 52.9 யூனிட் கொள்ளும் டேங்க், அவ்வளவுதான். மோட்டார் இரண்டிலும் ஒன்றே: 136 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். பெரிய பேட்டரி வண்டி வேகமாகப் போகும் என்று எண்ணிவிடாதீர்கள்.

நிறுவனம் சொல்லும் 332 கி.மீ., 449 கி.மீ. என்ற எண்களை வைத்துப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. அவை ஆய்வகத்தில் உருளைகள்மேல் வண்டியை ஓட்டி, ஏ.சி. போடாமல் அளந்தவை. அந்தச் சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ., அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். இந்த அளவு வண்டிக்கு நம் சாலைகளில் கணக்குப் போட இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஊருக்குள் யூனிட்டுக்கு 8 கி.மீ., கலந்து ஓட்டினால் 7, நாலுவழிச் சாலையில் 90 வேகத்தில் 6.3, 110 வேகத்தில் 5.3. வேகத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடும், காற்று 56 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். பெட்டி மாதிரி உயரமான உடம்புள்ள வண்டியில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது ஷோரூமைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஏ.சி. போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து, கிருஷ்ணகிரி போய்த் திரும்புங்கள். திரையில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று காட்டும். 15.5 என்று காட்டினால் 100-ஐ 15.5-ஆல் வகுங்கள், 6.45 கி.மீ. வரும். அதுதான் உங்கள் சாலையில், உங்கள் கால் அழுத்தத்துக்கு வருகிற மைலேஜ்.

தினசரி ஓட்டத்தில் பிரச்சினையே இல்லை. 100 கி.மீ.க்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல், சின்ன பேட்டரியில் நூற்றுக்கு 38 பங்கு. ஒரு ராத்திரி மின்சாரமே வராமல் சார்ஜ் ஏறாவிட்டாலும் மறுநாள் பள்ளிக்குப் போய்த் திரும்பலாம். இதற்காகப் பெரிய பேட்டரி வாங்கினால், தினமும் முக்கால் பங்கு பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு போய் வருவீர்கள்.

முடிவைத் தீர்மானிப்பது பெங்களூருப் பயணம்தான். வருடத்தில் ஓரிரு முறை போகும் மிக நீளமான பயணத்தை வைத்துப் பலரும் பேட்டரி தேர்வு செய்கிறார்கள், அது தவறு. அடிக்கடி போகிற, போன இடத்தில் சார்ஜ் செய்ய முடியாத பயணம் எதுவோ அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டி வரை 120, அங்கே கடை கண்ணிக்கு ஒரு 20, திரும்ப 120. ஆக 260 கி.மீ. 90 வேகத்தில் 41 யூனிட், மேட்டுக்கு ஒன்று சேர்த்து 42. 52.9 பேட்டரியில் நிற்காமல் போய் வந்து 11 யூனிட் மிச்சம் வைப்பீர்கள். 38-இல் 4 யூனிட் குறைகிறது. வீடு வந்து சேரும்போது பத்து சதவீதமாவது கையிருப்பு இருக்க வேண்டும் என்பதால் இன்னொரு 4. மொத்தம் 8 யூனிட் வழியில் ஏற்ற வேண்டும்.

அந்த 8 யூனிட்டைத் திரும்பும்போது ஓசூரில் ஏற்றுங்கள், போகும்போது வேண்டாம். போகும்போது பேட்டரி பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். திரும்பும்போது ஓசூரில் 28 சதவீதம் போல இருக்கும். ஃபாஸ்ட் சார்ஜர் 20-க்கும் 60-க்கும் இடையில்தான் நன்றாக ஏற்றும், 80-க்கு மேல் சொட்டுச் சொட்டாக விடும். சின்ன பேட்டரி வண்டி 45 கிலோவாட் அளவில் இழுக்கும், ஆகவே 8 யூனிட்டுக்கு 11, 12 நிமிடம். செயலி திறந்து, பணம் கட்டி, பிளக் மாட்டிக் கழற்றுவதையும் சேர்த்து 20 நிமிடம். நிலையத்தில் 120 கிலோவாட் என்று பலகை இருந்தால் அதைத் தேடிப் போய்க் காத்திருக்காதீர்கள். சார்ஜர் எவ்வளவு கொடுத்தாலும் வண்டி தன் அளவுக்குத்தான் வாங்கும். சிசிஎஸ்2 (உங்கள் காரின் ஃபாஸ்ட் சார்ஜ் பிளக் வகை) உள்ள, காலியாக இருக்கிற 60 கிலோவாட் சார்ஜரே உங்களுக்குப் போதும். ஆனால் ஒரே நிலையத்தை நம்பிப் போகக் கூடாது. இரண்டு நிறுவனங்களின் செயலியை முன்கூட்டியே போனில் போட்டு, பணமும் ஏற்றி வையுங்கள். ஓசூரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கிருஷ்ணகிரியில் இன்னொன்று என்று மனதில் இருக்கட்டும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி இறக்கம் என்பதால் அதுவரை வருவதற்கு 8 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

அந்த 20 நிமிடத்தையும் மிச்சப்படுத்தலாம். வண்டியோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜரைப் பெங்களூருவுக்கு எடுத்துப் போங்கள். மகன் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் கிடைத்தால், மூன்று மணி நேரத்தில் 8 யூனிட் ஏறிவிடும். மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுகிற நேரம். ராத்திரி தங்கினால் 20 யூனிட்டுக்கு மேல் ஏறும்.

ஓசூர் மேட்டைப் பற்றி. கிருஷ்ணகிரியைவிட ஓசூர் 400 மீட்டர் வரை உயரம். ஆட்களோடு சேர்த்து 1,900 கிலோ எடையை 400 மீட்டர் தூக்க இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் இரண்டரை யூனிட் என்று வையுங்கள். அதாவது 15 கி.மீ. தூரம் குறையும். திரும்பி இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆக ஒரு தடவை போய் வர மேட்டுக்கான செலவு ஒரு யூனிட்தான். அதே சாலையில் 90-க்குப் பதில் 110-இல் போனால் போக வர 7 யூனிட்டுக்கு மேல் கூடும். உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் மேட்டைக் காட்டுகிறார்கள், பேட்டரியைக் குடிப்பது வேகமானியின் முள். தொப்பூர் இதைவிடச் சின்ன விஷயம். சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏறுவது ஓசூர் மேட்டில் பாதி உயரம்தான், சேலம் போய் வர சின்ன பேட்டரியில் பாதிக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் தொப்பூர் இறக்கத்தில் ஒன்றை மறக்காதீர்கள். பேட்டரி நூறு சதவீதத்துக்குப் பக்கத்தில் நிறைந்திருக்கும்போது மோட்டார் பிரேக் பலமாகப் பிடிக்காது, திருப்பி வாங்கப் பேட்டரியில் இடமில்லாததே காரணம். காலை எடுத்தாலே வழக்கம்போல வண்டி தானே நின்றுவிடும் என்று நம்பாமல், லாரிகளிடமிருந்து இடைவெளி விட்டு மெதுவாக இறங்குங்கள்.

சென்னைக்கு 300 கி.மீ. சின்ன பேட்டரியில் வேலூர் வரை 167 கி.மீ. போனால் 30 சதவீதம் இருக்கும். அங்கே சாப்பிடும் நேரத்தில் 80 வரை ஏற்றினால் சென்னையில் 20 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டு போய்ச் சேரலாம். பெரிய பேட்டரி நிற்காமல் சென்னையைத் தொட்டுவிடும், ஆனால் 10 சதவீதத்தோடு, நெரிசலில் ஏ.சி.யை அணைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே. அதை ஓட்டுகிறவர்களும் வழியில் ஒரு தடவை நிற்கத்தான் செய்வார்கள்.

இப்போது பணம். 2 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 வருடக் கடனாகப் போட்டால் மாதத் தவணை 3,200 ரூபாய்க்குச் சற்று மேல், மொத்தம் 2.70 லட்சம் கட்டுவீர்கள். மாதம் இரண்டு தடவை ஓசூரில் 20 நிமிடம் நிற்பதைத் தவிர்க்க இந்தத் தொகை. ஒரு தடவைக்கு 1,600 ரூபாய். இந்தப் பணத்தை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு ஓடுவதைவிட வீட்டு மாடியில் போடுங்கள் என்பேன். உங்கள் ஓட்டம் வருடத்துக்கு 30,000 கி.மீ. வரும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு 800 யூனிட். வீட்டு உபயோகத்தோடு சேர்ந்து 500-ஐத் தாண்டியதும் மேல் அடுக்குக் கட்டணம் விழும், கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். முதல் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைகிற வீடுகள் பல. 3 கிலோவாட் சூரிய மின் தகடு போட்டால் நம் பக்கத்து வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரி 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. பகலில் வண்டி கிருஷ்ணகிரியில் நின்றால் என்ன, நெட் மீட்டரில் அந்த யூனிட்டுகள் உங்கள் கணக்கில் கழியும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்.

வீட்டு இணைப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருக்கும் வீடுகளில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை காரில் இருப்பதில்லை, சுவரில் இருக்கின்றன. உங்களுக்கு 7.4 கிலோவாட் வால் பாக்ஸ் தேவையில்லை. தினமும் வேண்டியது வீணாவதோடு சேர்த்து 16 யூனிட், 15 ஆம்பியர் பிளக்கில் ஐந்தரை மணி நேரம். ஆனால் ஏற்கெனவே வாஷிங் மெஷினுக்கோ கீசருக்கோ போட்ட பிளக்கில் மாட்டாதீர்கள். கீசர் பத்து நிமிடம் ஓடி நிற்கும். கார் ஐந்து மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். பிளக்கின் உள்ளே பித்தளை இதழ்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, கடைசியில் உருகிவிடும். மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். 20 ஆம்பியர் சி வகை எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஏ வகை ஆர்சிசிபி (மின் கசிவு இருந்தால் துண்டிப்பது), தொழிற்சாலைகளில் போடும் கனமான பிளக்டாப் வகை சாக்கெட். முதல் வாரம் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், மகன் வீட்டிலும்தான்.

அடுத்தது எர்த். நம் வறண்ட பாறை மண்ணில் பழைய எர்த் குழிகள் கோடையில் காய்ந்து பெயருக்கு இருக்கும். டிவியும் ஃபேனும் அதைக் கண்டுகொள்ளாது, கார் சார்ஜர் கண்டுகொள்ளும்: சிவப்பு விளக்கு எரித்து, ஏற்ற மறுத்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜையும் அளந்து பாருங்கள். 180-க்கு இறங்கினால் சார்ஜ் நேரம் நீளும், சில சமயம் பாதியில் நின்றும் போகும். ராத்திரி 11 மணிக்குத் தொடங்கும்படி நேரம் வைத்துவிட்டால் பெரும்பாலும் இது தீரும். மின் கட்டண விவரத்தில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று பார்த்து, கார், ஏ.சி., மோட்டார் மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டினால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பியுங்கள். தோட்டம் இருந்து பம்புசெட் இணைப்பு இருந்தால், அதிலிருந்து காருக்கு எடுக்கவே கூடாது. அது இலவச மின்சாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது.

பேட்டரி ஆயுள் பற்றியும் உங்கள் கணவருக்குக் கவலை இருக்கும், நியாயம்தான். சின்ன பேட்டரிக்குச் சுழற்சி, அதாவது முழுதாக ஏறி இறங்கும் தடவை, கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு முழுச் சுழற்சிக்கு 266 கி.மீ. வீதம் 30,000 கி.மீ.க்கு வருடம் 113, பத்து வருடத்தில் 1,130. இந்த வண்டியில் இருப்பது எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இந்த வகை 2,000 சுழற்சிகளுக்கு மேல் தாங்கக்கூடியது. வாரம் ஒரு தடவை மெதுவான சார்ஜில் நூறு வரை ஏற்றுங்கள். எல்எஃப்பி பேட்டரியின் வோல்டேஜ் முக்காலிலும் பாதியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முழுதாக நிரம்பும்போதுதான் வண்டியின் கணினிக்குச் சரியான அளவு பிடிபடும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் திரையில் 20 என்று காட்டியது திடீரென 10-க்கு விழும். பேட்டரி போய்விட்டது என்று பதறுவார்கள், அளவுதான் பிசகியிருக்கும். கோடை விடுமுறையில் பத்து நாள் வண்டி நிற்கப்போகிறது என்றால் நூறில் விடாமல் 50, 60-இல் நிறுத்தி வையுங்கள்.

உத்தரவாதப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். மின்சாரக் கார்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்ற உத்தரவாதம் உங்கள் ஓட்டத்துக்கு ஐந்து வருடம் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். இந்த வண்டி அறிமுகமானபோது முதல் உரிமையாளருக்கு ஆயுள்கால பேட்டரி உத்தரவாதம் தந்தார்கள். நீங்கள் எடுக்கும் நாளில், எடுக்கும் மாடலுக்கு அது உண்டா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தையும் காட்டுவார்கள். உங்களுக்கு அது வேண்டாம். 2024-இல் வந்தபோது விலையில் மூன்றரை லட்சம் குறைத்து, கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை வைத்தார்கள். 30,000 கி.மீ. ஓட்டுகிறவர் வருடத்துக்கு 1,05,000 கட்டி, மூன்று வருடம் நான்கு மாதத்தில் குறைந்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதன் பிறகும் வாடகை ஓடும்.

எப்போது 52.9 சரி? மகன் பெங்களூருவின் வடக்கே எலகங்கா பக்கம் வீடு மாறினால், ஒவ்வொரு பயணத்திலும் 70, 80 கி.மீ. கூடும். அப்போது ஓசூரில் 20 நிமிடம் போதாது. வீட்டில் பெரியவர்கள் யாரையாவது மாதாமாதம் பெங்களூரு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தால், நோயாளியை வைத்துக்கொண்டு சார்ஜருக்கு வரிசையில் நிற்க மனம் வராது, பெரியதையே எடுங்கள். கணவர்தான் ஓட்டுவார், 110-க்குக் கீழே ஓட்ட மாட்டார் என்றாலும் பெரியதுதான். ஆனால் அந்த வேகத்தில் 260 கி.மீ.க்கு 50 யூனிட் ஆகும். புது வண்டியிலேயே மூன்று யூனிட்தான் மிஞ்சும், சில வருடத்தில் பேட்டரி பத்து சதவீதம் தேய்ந்ததும் அவரும் ஓசூரில் நிற்பார். பெரிய பேட்டரி மாடலில் பின்பக்கப் பெட்டி இடம் 604 லிட்டரிலிருந்து 579 லிட்டராகக் குறைவதையும் பார்த்துக்கொள்ளுங்கள், மாம்பழக் காலத்தில் மகனுக்குக் கூடை கூடையாகக் கொண்டுபோகிறவர்களுக்கு அது தெரியும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் மகனிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். அவருடைய பார்க்கிங் இடத்துக்கு அவர் வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து 15 ஆம்பியர் பிளக் போடச் சங்கம் எழுத்தில் அனுமதி தருமா? தராவிட்டால், விருந்தினர் பார்க்கிங்கில் பொது மீட்டரில் எடுத்து யூனிட் கணக்கில் பணம் கட்ட ஒப்புக்கொள்வார்களா? வாட்ச்மேன் அறைக்கு வெளியே இருக்கும் பிளக்கைக் காட்டி "அதுல மாட்டிக்கலாம்" என்று சொன்னால், அதன் எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.